பதில்: டீச்சரம்மா நினைவு வளைவு, நன்கொடைக் கோரிக்கை

அனுப்பியவர்: டீச்சரம்மா பேத்தி, சிங்கப்பூர்

எல்லாருக்கும் வணக்கம்.

அப்பத்தாவின் காரியத்துக்கு நேரில் வந்தவர்களுக்கும், வர முடியாமல் போனில் அழுதவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பதினாறாம் நாள் முடித்து நான் இங்கே திரும்பி ஒன்பது நாள் ஆகிறது. அதற்குள் குழுவில் முப்பத்தொரு மடல் வந்திருக்கிறது. எல்லாவற்றையும் படித்தேன். அப்பத்தா நினைவாகப் பள்ளிக்கூட வாசலில் கட்ட நினைக்கிற வளைவு எத்தனை அடி அகலம், கருங்கல்லா கிரானைட்டா, நன்கொடையாளர் பெயரை எந்தப் பக்கத்தில் வெட்டுவது, ‘நல்லாசிரியர்’ என்று போடலாமா என்று பேச்சு போய்க்கொண்டிருக்கிறது. கடைசிக் கேள்விக்கு மட்டும் உடனே பதில் சொல்லிவிடுகிறேன். போடக் கூடாது. அந்த விருதை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. வாங்காத ஒன்றை அவர் பெயருக்கு முன்னால் எழுதினால் அந்தப் பள்ளிக்கூட வாசலில் என்னால் நிற்க முடியாது.

மற்றதற்குக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோலாலம்பூர் மாமா எழுதியதில் ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ‘பக்கத்து ஊர்க்காரன் வளைவு கட்டி மூன்று வருஷம் ஆச்சு, நாம் டீச்சருக்குக்கூட ஒரு கல் நடாவிட்டால் ஊருக்கு என்ன மரியாதை?’ மாமா, உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. அவர் மேல் உங்களுக்கு இருக்கும் பிரியம் எனக்குத் தெரியும். ஆனால் போன வாரம் பெரியத்தை மகன் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படம் எடுத்து அனுப்பினானே, அதை யாராவது பெரிதாக்கிப் பார்த்தீர்களா? எல்லாரும் சுவரில் இருக்கிற விரிசலைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். கரும்பலகையின் வலது மூலையைப் பாருங்கள். பதிவு 13, வருகை 9 என்று சாக்பீஸில் எழுதியிருக்கிறது. ஐந்து வகுப்புக்கும் சேர்த்து ஒன்பது பிள்ளைகள்.

நான் ஐந்தாவது படித்த வருஷம் அந்த மூலையில் 142 என்று எழுதியிருந்தது. அந்த எண்ணை எழுதுவது என் வேலை, அதனால் மறக்கவில்லை.

கூட்டம் குறைந்ததற்கு ஆளுக்கொரு காரணம் சொல்லலாம். இங்கிலீஷ் மீடியம் வேன் வீட்டு வாசலுக்கே வருகிறது. வீட்டுக்கு ஒரு பிள்ளைதான். பாதி ஊர் நம்மைப்போல வெளியே வந்துவிட்டது. எல்லாம் சரிதான். ஆனால் கிழக்குக் குடியிருப்பில் மட்டும் பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பதினொரு பேர் இருக்கிறார்கள். பதினாறாம் நாளுக்கு மறுநாள் நானே வீடு வீடாகப் போய் எண்ணினேன். அதில் பள்ளிக்கூடப் பதிவில் இருப்பது நான்கு பேர். அந்த நான்கு பேரும் வாரத்தில் இரண்டு நாள் வந்தால் பெரிது.

ஏன் என்று கேட்டேன். எல்லா வீட்டிலும் ஒரே பதில். பூ. கீரமங்கலம் கமிஷன் கடைக்கு மல்லிகையும் முல்லையும் விடிந்ததும் போயாக வேண்டும். தாய்மார்கள் இருட்டோடு தோட்டத்துக்குப் போகிறார்கள். வீட்டில் யாரும் இல்லாததால் சின்னதுகளையும் கையோடு கூட்டிப் போகிறார்கள். எட்டரை, ஒன்பதுக்கு வேலை முடியும்போது அவர்கள் நிற்கிற இடம் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டரை கிலோமீட்டர். நடுவில் லாரி ஓடுகிற ரோடு. ‘நீ போ’ என்று ஆறு வயதுப் பிள்ளையை எந்தத் தாய் அனுப்புவாள்?

இதில் வயிறெரிகிற விஷயம் ஒன்று உண்டு. 2023 ஆகஸ்ட் முதல் அரசுத் தொடக்கப்பள்ளி எல்லாவற்றிலும் காலை உணவு போடுகிறார்கள். நம் பள்ளியிலும் உப்புமாவோ பொங்கலோ கிச்சடியோ சூடாக இருக்கிறது. சமைக்கிற அக்கா ஒன்பது மணி வரை மூடி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அந்த நேரத்தில் இந்தப் பிள்ளைகள் இரண்டரை கிலோமீட்டர் தள்ளி, வெறும் வயிற்றோடு, பூக்கூடைக்குப் பக்கத்தில் தூங்குகிறார்கள்.

அப்பத்தா இருந்திருந்தால் போய்க் கூட்டி வந்திருப்பார். சும்மா சொல்லவில்லை. 38 வருஷம் அவர் செய்த வேலையே அதுதான். பாடம் சொல்லிக் கொடுத்தது அதற்கு அப்புறம்.

நம் குழுவில் பலர் அவரை ஓய்வு பெற்ற பிறகுதான் பார்த்திருப்பீர்கள். திண்ணையில் உட்கார்ந்து ‘வாய்ப்பாடு சொல்லு, முறுக்கு தர்றேன்’ என்கிற பாட்டியாக. அதனால் கொஞ்சம் பழசையும் சொல்கிறேன்.

அவர் பிறந்தது 1931ல், புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக இருந்த காலத்தில். அம்மன் காசு புழங்கியதைக் கையால் தொட்டவர். எட்டாவது முடித்து, டீச்சர் டிரெய்னிங் இரண்டு வருஷம் படித்து, 1951ல் வேலைக்குச் சேர்ந்தபோது சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. நாம் திருச்சி ஜில்லா. புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974ல்தான். நம் ஊருக்கு அவர் மாற்றலாகி வந்தது 1954. கீற்றுக் கொட்டகை, ஒரே வாத்தியார், அதுவும் பொம்பளை. மூன்று வருஷத்தில் தாத்தா போய்ச் சேர்ந்துவிட்டார். கைப்பிள்ளையாக என் அத்தை, நடக்கிற பிள்ளையாக என் அப்பா. அவருக்கு வயது 26.

சனிக்கிழமை பிற்பகலில் ஊமத்தை இலையும் அடுப்புக்கரியும் அம்மியில் வைத்து அரைத்துக் கரும்பலகைக்குப் பூசுவார். அரைப்பது பெரிய பிள்ளைகள் வேலை. பூசுவதை மட்டும் யாரிடமும் விட மாட்டார். துணியைச் சுருட்டி, இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு. நடுவில் நிறுத்தினால் திட்டுத் திட்டாகிவிடும், வெயில் நேரத்தில் அந்த இடம் மினுக்கிக் கடைசி வரிசைக்கு எழுத்து தெரியாது என்பார். கடைசி வரிசையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று பெரியவர்களுக்குத் தெரியும்.

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வளைவு பற்றிய மடல் எதிலும் அது வரவில்லை. கிழக்குக் குடியிருப்புப் பிள்ளைகள் கொட்டகைக்கு வெளியே உட்கார வேண்டும் என்று அவர் வந்த வருஷத்தில் ஊர் சொன்னது. அவர் சண்டை போடவில்லை. கரும்பலகையைக் கழற்றிப் புங்கமரத்தடியில் சாய்த்து வைத்தார். ‘இன்னைக்கு எல்லாரும் வெளிய’ என்றார். இரண்டு மாதம் எல்லாரும் வெளியேதான். ஐப்பசி மழை தொடங்கியதும் ஊர்ப் பிள்ளைகள் நனைந்தார்கள். அப்போதுதான் பெரியவர்கள் வந்து, ‘சரிம்மா, எல்லாத்தையும் உள்ள கூட்டிட்டுப் போங்க’ என்றார்கள். மாமா, அன்று உங்கள் அப்பா என்ன பேசினார் என்பதை நான் இங்கே எழுதவில்லை. 1956ல் மதிய உணவு தொடங்கியபோது முதல் மூட்டை நெல்லை இறக்கியதும் உங்கள் அப்பாதான் என்று அப்பத்தா வாயால் பல முறை கேட்டிருக்கிறேன். இரண்டையும் அவர் மறக்கவில்லை. இரண்டாவதைத்தான் எங்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

காமராஜர் கொண்டு வந்த அந்த மதிய உணவு ஊரும் கை கொடுத்தால்தான் நடக்கும். வீட்டுக்கு வீடு பிடி அரிசி. அடுப்பில் உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட வேண்டும். வெள்ளிக்கிழமை அப்பத்தா வந்து வாங்கிக்கொள்வார். அப்புறம் அறுபதுகளில் கேர் என்கிற தொண்டு நிறுவனத்தின் பால்பவுடர், எண்ணெய். 1982ல் எம்.ஜி.ஆர். சத்துணவு வந்ததும் ஊர்ப் பங்குக்கு வேலை இல்லாமல் போனது. ‘வாசலுக்குப் போக ஒரு சாக்கு போச்சு’ என்று அவருக்கு அதில் ஒரு வருத்தம்கூட உண்டு. பிடி அரிசி வாங்கப் போகிற சாக்கில்தான் எந்த வீட்டில் எந்தப் பிள்ளை பள்ளிக்கு வராமல் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது பென்ஷன் புத்தகத்துக்கு அடியில் நாற்பது பக்க நோட்டுகள் இருபத்தேழு இருந்தன. அட்டையில் ‘வராதவர்’ என்று மட்டும் எழுதி வருஷம் போட்டிருக்கிறார். முதல் நோட்டு 1954. உள்ளே மூன்று பத்தி. யார் வீட்டுப் பிள்ளை, ஏன் வரவில்லை, போய்ப் பார்த்த தேதி. பிள்ளை மறுபடி வந்துவிட்டால் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு டிக்.

காரணங்களை மட்டும் சிலவற்றை இங்கே தருகிறேன். ‘ஆடு.’ ‘தம்பி தூக்க.’ ‘சட்டை இல்லை. தைக்கக் கொடுத்தாச்சு.’ ‘மண்டையில் சிரங்கு, பிள்ளைகள் கேலி.’ ‘அம்மா இல்லை, சோறாக்க.’ ‘அரைநாள் பிள்ளை.’ இந்தக் கடைசி எனக்கு முதலில் புரியவில்லை. அப்பாதான் சொன்னார். ராஜாஜி ஆட்சியில் 1953ல் கிராமப் பள்ளிகளுக்கு அரைநாள் திட்டம் வந்தது. மூன்று மணி நேரம் படிப்பு, மிச்ச நேரம் அப்பன் தொழில். மறு வருஷம் காமராஜர் வந்ததும் அது போனது. ஆனால் அந்த ஒரு வருஷத்தில் மத்தியானம் மாடு மேய்க்கப் போன பையன்கள் மறுபடி காலையிலும் வரவில்லை. அவர்களைத் தேடிப் போனதுதான் நம் ஊரில் அவர் செய்த முதல் வேலை. அந்தப் பக்கத்தில் பதினேழு பெயர், பதினான்கு டிக்.

இன்னொரு இடத்தில், ‘அப்பன் சம்மதிக்கவில்லை. வெள்ளி மறுபடி’ என்று இருக்கிறது. கீழே ‘வெள்ளி. இல்லை.’ ‘செவ்வாய். இல்லை.’ ‘வெள்ளி. அழுதேன்.’ அதற்குப் பக்கத்தில் டிக்.

நம் குழுவில் இருக்கிற பல பேருடைய வீட்டுப் பெயர் அந்த நோட்டுகளில் இருக்கிறது. யார் யார் என்று நான் எழுத மாட்டேன். தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள், உங்கள் பக்கத்தை மட்டும் படம் எடுத்து அனுப்புகிறேன். சங்க ஆண்டு மலரில் போடலாமே என்று நியூஜெர்சி அண்ணி கேட்டார். வேண்டாம் அண்ணி. சட்டை இல்லாததை எந்தப் பிள்ளையும் மலரில் போடச் சொல்லி அப்பத்தாவிடம் சொல்லவில்லை.

1978ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது நடந்தது ஒன்று. அதுவரை லை, னை எல்லாம் மேலே தும்பிக்கை மாதிரி வளைந்திருக்கும். றா, னா எல்லாம் சுழித்துத் தொங்கும். பழைய தும்பிக்கையை 27 வருஷம் சொல்லிக் கொடுத்தவர், புதுப் பாடப்புத்தகம் வந்ததும் வீட்டில் உட்கார்ந்து சிலேட்டில் எழுதிப் பழகினார். ‘பிள்ளைக்கு நாலு எழுத்து சுமை குறையுதுன்னா எனக்கென்ன’ என்றார். பலகையில் ஒரு நாளும் கை தவறவில்லை. ஆனால் நோட்டில், எனக்கு எழுதிய கடிதங்களில், கடைசி வரைக்கும் பழைய எழுத்துதான். ‘வரவில்லை’ என்ற சொல்லில் அந்தத் தும்பிக்கையைப் பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டு அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

டிக் இல்லாத பெயர்களும் இருக்கின்றன. அதிகமில்லை. 1964 நோட்டில் ஒரு பெண் பிள்ளை, நாலாவது வகுப்பு. பெயருக்கு நேரே ‘நாளை போக வேண்டும்’ என்று எழுதியிருக்கிறார். அடுத்த வரியில் ‘மகனுக்குக் காய்ச்சல்.’ அதற்கு இரண்டு நாள் தள்ளி, ‘மெட்ராஸுக்கு வீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்.’ அவ்வளவுதான். காய்ச்சல் வந்த மகன் என் அப்பா. போன தையில் அப்பத்தாவுக்கு நான் கால் பிடித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று, ‘அன்னைக்கே ஒரு எட்டு போயிருக்கலாம், காய்ச்சல் என்ன பெரிய காய்ச்சல், கஷாயம் குடிச்சா போயிரும்’ என்றார். யாரைச் சொல்கிறார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. தூக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்தேன். அறுபது வருஷமாக அந்தப் பிள்ளை அவர் மனசில் இருந்திருக்கிறது.

அதனால் நான் கேட்பது இது. வளைவு வேண்டாம். அந்தப் பணத்தில் காலையில் ஒரு ஆட்டோ விடுங்கள். ஏழே முக்காலுக்குப் பூந்தோட்டம், எட்டேகாலுக்குப் பள்ளிக்கூடம். பிள்ளைகள் முகம் கழுவிச் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போவார்கள். பதினொரு பேரை ஒரே ஆட்டோவில் அடைக்கக் கூடாது, அதனால் இரண்டு நடை. கூடவே ஒரு பெண் துணைக்கு. சாயங்காலம் திரும்ப விடுவது. குடியிருப்பிலேயே ஆட்டோ வைத்திருக்கிற தம்பி மாதம் 9,000 கேட்கிறார். துணைக்கு வருகிற அக்காவுக்கு 3,000. பத்து மாதத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம். வளைவுக்குப் போட்டிருக்கிற மதிப்பீட்டில் இதை ஐந்து வருஷம் ஓட்டலாம். ஐந்து வருஷம் என்பது ஒரு பிள்ளை ஒன்றாவதில் சேர்ந்து ஐந்தாவது முடிக்கிற காலம்.

ஆட்டோவில் அப்பத்தா பெயரைக்கூட எழுத வேண்டாம்.

பொருளாளர் அண்ணன் கணக்கு கேட்பார் என்று தெரியும். கேட்க வேண்டும். பிடி அரிசிக் கணக்கு நோட்டும் பெட்டியில் இருக்கிறது. ‘எலி தின்றது, அரைப் படி’ வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார். கஜா புயல் நிவாரணக் கணக்கில் நடந்ததை மறுபடி கிளற வேண்டாம் என்று எல்லாரையும் கேட்டுக்கொள்கிறேன். 2018 நவம்பர் 16 விடிந்தபோது நம் ஊரில் நின்றுகொண்டிருந்த தென்னை எத்தனை என்று விரல் விட்டு எண்ணலாம். அப்பத்தாவுக்கு வயது 87, எங்கள் வீட்டு ஓடே பாதி போயிருந்தது. அவர் பள்ளிக்கூடத்துக்குத்தான் முதலில் போனார். நனைந்த புத்தகங்களையும் வருகைப் பதிவேட்டையும் எடுத்து, விழுந்து கிடந்த தென்னை மரங்கள் மேல் வரிசையாக விரித்துக் காய வைத்தார். காற்றில் பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு குரும்பை. அன்று அவரோடு நின்றவர்கள் இந்தக் குழுவில் மூன்று பேர் இருக்கிறீர்கள். அந்த மூன்று பேருக்குள் இன்று பேச்சுவார்த்தை இல்லை என்பதும் தெரியும்.

அன்புடன்,
பேத்தி

அனுப்பியவர்: பொருளாளர், நியூஜெர்சி

தங்கச்சிக்கு,

மடலை இரண்டு தரம் படித்தேன். யோசனையை நான் ஏற்கிறேன். ஆனால் பணம் எப்படிப் போகும் என்பதை இப்போதே பேசிவிட வேண்டும். அப்புறம் என் தலையில்தான் விடியும்.

நம் குழுவில் பாதிப் பேர் வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டோம். இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கிற ஓசிஐ அட்டை இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் நாம் வெளிநாட்டவர்தான். நாம் ஊரில் இருக்கிற சங்கத்துக்குப் பணம் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க 2010 வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி சங்கத்துக்குப் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020ல் சட்டத்தைத் திருத்திய பிறகு பணம் டெல்லி பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் இருக்கிற கணக்கில்தான் வந்து சேர வேண்டும். நம் சங்கத்துக்கு அந்தப் பதிவு கிடையாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தங்கள் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வேறு, அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆகவே முதல் வருஷம் சிங்கப்பூர், துபாய், குவைத்தில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருக்கிறவர்கள் மட்டும் கொடுங்கள். மற்றவர்கள் பொறுமையாக இருங்கள். ‘நான் என் மச்சான் கணக்கில் போட்டுவிடுகிறேன், அவன் சங்கத்தில் கட்டுவான்’ என்று யாரும் கிளம்ப வேண்டாம். போன முறை அதனால் நான் பட்டது போதும்.

அடுத்தது, பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்கள் முன்னால் தீர்மானம் போட வேண்டும். தலைமையாசிரியர் கையெழுத்து வேண்டும். ஆட்டோவுக்கு எஃப்சி என்கிற தகுதிச் சான்று, இன்சூரன்ஸ், ஓட்டுகிற தம்பியின் லைசென்ஸ் மூன்றின் நகலும் எனக்கு வர வேண்டும். பிள்ளைகள் விஷயம், இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். மாதச் சம்பளம் வங்கி வழியாக மட்டும். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் கணக்கைக் குழுவில் போடுவேன், யாரும் கேட்காமலேயே.

பிடி அரிசிக் கணக்கின் ஒரு பக்கம் எனக்கு அனுப்ப முடியுமா? எலி தின்ற பக்கம்தான் வேண்டும். எனக்கு எண் சொல்லிக் கொடுத்தது டீச்சர்தான். ஒரு காசு கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு என்பார். கூடினால் சந்தோஷப்படக் கூடாது, யாருடையதோ நம்மிடம் வந்திருக்கிறது என்று அர்த்தம் என்பார்.

அனுப்பியவர்: மணியகாரர் வீடு, கோலாலம்பூர்

அம்மாடி,

உன் மடலைப் பேரன் வாசித்துக் காட்டினான். கண் சரியில்லை, ஆபரேஷன் தள்ளிப் போகிறது. புங்கமரத்தடி பகுதி வந்ததும் அவன் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான். படி என்றேன்.

அப்பா பேசியது எனக்கும் தெரியும். நான் அப்போது மூன்றாவது வகுப்பு, மழையில் நனைந்தவர்களில் ஒருவன். சட்டை ஈரத்தோடு வீட்டுக்குப் போனதற்கு அப்பா என்னைத்தான் அடித்தார். அம்மா குறுக்கே வந்து, ‘பிள்ளை நனையாம இருக்கணும்னா போய் டீச்சர்கிட்டப் பேசு’ என்று சொன்னாள். என் அம்மா அப்பாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதை நீ எழுதவில்லை, உனக்குத் தெரிந்திருக்காது. அதனால் நான் எழுதுகிறேன். இதுவரைக்கும் என் பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை.

வளைவு ஆசை எனக்கு இன்னும் போகவில்லை, உண்மையைச் சொல்கிறேன். நாம் எல்லாரும் போன பிறகு அந்த வழியில் போகிற பிள்ளைக்கு டீச்சர் என்று ஒருத்தர் இருந்தது எப்படித் தெரியும்? ஆனால் பதிவு 13, வருகை 9 என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. பிள்ளை வராத பள்ளிக்கு வாசல் எதற்கு? ஆட்டோவை விடுங்கள். நான் மலேசியக் குடிமகன், பொருளாளர் தம்பி சொல்கிறபடி இந்த வருஷம் என்னால் கொடுக்க முடியாது. ஆனால் கீரமங்கலத்தில் கமிஷன் கடை வைத்திருக்கிற என் சகலையிடம் நேற்றே போன் போட்டுப் பேசினேன். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை அனுப்புகிற தாய்மாருடைய பூவை அரைமணி பிந்தி வந்தாலும் அன்றைய விலைக்கே எடுத்துக்கொள்ளச் சொன்னேன். சரி என்றிருக்கிறான். கோயில் திருப்பணி விஷயத்தில் அவன் எனக்குப் பட்ட கடன் ஒன்று இருக்கிறது, சொன்ன வார்த்தை தவற மாட்டான்.

புங்கமரம் கஜாவில் போய்விட்டதா இருக்கிறதா? யாரும் எழுதவே இல்லையே.

அனுப்பியவர்: கிழக்குக் குடியிருப்பு, துபாய்

அக்கா,

நான் இந்தக் குழுவில் இதுவரை எழுதியதில்லை, படிப்பதோடு சரி. புங்கமரம் இருக்கிறது, ஒரு பக்கக் கிளை மட்டும் போனது. போன லீவில் பார்த்தேன். ஐயாவிடம் சொல்லிவிடுங்கள்.

எனக்கு அம்மா ஞாபகம் வருகிறது. 1991ல் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்த அறிவொளி இயக்கம் நம் மாவட்டம் முழுக்க நடந்தபோது எங்கள் தெருவில் ராத்திரி வகுப்பு நடத்தியது டீச்சர்தான். அப்போது ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகியிருக்கும். தெருவில் பத்துப் பதினைந்து பெண்கள் படித்தார்கள். ஆனால் அரிக்கேன் விளக்கோடு டீச்சர் தினமும் முதலில் எங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார். எங்கள் வீடு தெருவில் கடைசி. மற்ற வீடுகளைத் தாண்டி இங்கே வந்து, அம்மாவைக் கூட்டிக்கொண்டுதான் திரும்பிப் போய் மற்றவர்களைக் கூப்பிடுவார். அம்மா சில நாள் வேலை அலுப்பில் படுத்திருக்கும். டீச்சர் வாசலில் உட்கார்ந்துவிடுவார். எழுப்ப மாட்டார். விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அம்மாவே எழுந்து வெட்கப்பட்டுக்கொண்டு போகும்.

எனக்குப் பதினொரு வயது. அம்மா முதன்முதலாகத் தன் பெயரை எழுதியது என் சிலேட்டில். மூன்று எழுத்து. எழுதி முடித்ததும் டீச்சர் ரொம்ப நேரம் அதையே பார்த்தார். அப்புறம் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். சிலேட்டில் பேனா எப்படி எழுதும்? திரும்பப் பைக்குள் வைத்துவிட்டார். இதை நான் இத்தனை நாள் நினைத்துப் பார்த்ததில்லை, உங்கள் மடலைப் படித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

அம்மா சின்ன வயதில் மெட்ராஸில் இருந்ததாகச் சொல்லும். எப்போது, ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தவறிவிட்டது.

1964 நோட்டில் அந்தப் பெயரை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள் அக்கா. குழுவில் வேண்டாம், எனக்கு மட்டும். என்னிடம் இந்தியப் பாஸ்போர்ட்தான் இருக்கிறது. துணைக்கு வருகிற அக்காவின் சம்பளத்தை ஐந்து வருஷத்துக்கும் நான் தருகிறேன். பொருளாளர் அண்ணன் கணக்கு எண் அனுப்பட்டும்.

அனுப்பியவர்: டீச்சரம்மா பேத்தி, சிங்கப்பூர்

தம்பிக்குத் தனியாக எழுதிவிட்டேன். பக்கத்தின் படமும் அதில் இருக்கிறது.

மாமாவுக்கு: பேரனைக் கூட்டிக்கொண்டு தை மாதம் வாருங்கள். கண் ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீர்கள்.

பொருளாளர் அண்ணனுக்கு: எலி தின்ற பக்கம் இணைத்திருக்கிறேன். மேலாண்மைக் குழுக் கூட்டம் வருகிற வெள்ளிக்கிழமை. ஆட்டோ தம்பியின் லைசென்ஸ் நகல் வந்துவிட்டது, இன்சூரன்ஸ் மட்டும் போன மாதத்தோடு முடிந்திருக்கிறது. புதுப்பித்துக் கையில் வந்த பிறகுதான் பிள்ளையை ஏற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அதுவரை பெரியத்தை மகன் லீவு போட்டு அங்கேயே இருக்கிறான். காலையில் நடந்தே போய்க் கூட்டி வருகிறான். இன்று காலை ஆறு பேர் வந்தார்களாம்.

பேத்தி